ஹேமர் சத்தம் பழகிய காதுக்கு

எம்.ஐ.ஏ.வின் ‘மாயா’ ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு ‘ஸ்டெப்பின் அப்’. அதில் தாளத்தைத் தூக்கிச் சுமப்பது டிரில்லிங் மிஷின். கூடவே உலோகத்தை உலோகம் அராவும் சத்தம், முறுக்கி விட்ட மோட்டாரின் இரைச்சல். 2010 ஜூலையில் ஆல்பம் வெளிவந்தபோது மேல்நாட்டு விமர்சகர்கள் பலர் இந்த இடத்திலேயே காதைப் பொத்திக்கொண்டார்கள். ‘பிட்ச்ஃபோர்க்’ தளம் பத்துக்கு 4.4 மதிப்பெண் போட்டது. அதே அம்மணியின் முந்தைய இரண்டு ஆல்பங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிய தளம் அது. ராபர்ட் கிறிஸ்ட்காவ் போன்ற பழுத்த விமர்சகர் ஒருவரோ முழு மனதோடு ‘ஏ’ கொடுத்தார். சாதாரண ரசிகர்களும் இப்படியே இரண்டாகப் பிரிந்தார்கள். தலைவலி என்றவர்கள் ஒரு பக்கம், இவர் செய்ததிலேயே துணிச்சலானது இதுதான் என்றவர்கள் மறுபக்கம். பதினைந்து வருஷம் தாண்டியும் அந்த வழக்கு தீரவில்லை.

நான் இரண்டாவது கட்சி. ஆனால் துணிச்சலுக்காக அல்ல. துணிச்சல் யாருக்கும் வரும். இந்த இரைச்சலுக்குள் இருக்கிற வேலைப்பாட்டுக்காக. ஒவ்வொரு சத்தத்தையும் எடுத்து, தட்டிப் பார்த்து, சுருதி பார்த்து, இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

எங்கள் கெங்கவல்லிப் பக்கம் தானாகத் தேடி இந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் இருந்தால் அவர்களுக்கு என் வணக்கம். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் நான் பிடித்து உட்கார வைத்துக் கேட்க வைத்தவர்கள். ஊரின் காது மட்டும் இதற்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. சுவேத நதி வற்றிக் கிடக்கிற கோடையில் இந்தத் தாலுகாவில் எந்தத் திசையில் நின்றாலும் எங்கேயோ ஒரு போர்வெல் போடுகிற சத்தம் கேட்கும். திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா பூராவும் ரிக் வண்டி போகிறது. நம் பக்கத்துக்கு வராமலா இருக்கும்? கம்ப்ரசர் வண்டி ஒரு பக்கம் இரைய, குழிக்குள் ஹேமர் இறங்கி இறங்கி அடிக்கும். ரிக்கில் வேலை பார்த்த ஆளிடம் கேட்டுப் பாருங்கள். மேல்மண்ணில் ஒரு சத்தம், களிப்பாறையில் ஒரு சத்தம், கெட்டிக் கருங்கல்லில் வேறு சத்தம். ராடு எத்தனை அடி போயிருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்பே பாறை மாறிவிட்டதைக் காதால் சொல்லிவிடுவார். வெளியூர்க்காரனுக்கு அது ஒரே இரைச்சல். அவருக்கு அதில் ஏற்றமும் இறக்கமும் உண்டு, நல்லதும் கெட்டதும் உண்டு.

‘ஸ்டெப்பின் அப்’ பாட்டை அந்தக் காதோடு கேட்க வேண்டும். இதில் பெரிய பங்கு ரஸ்கோ என்ற இங்கிலாந்து இசையமைப்பாளருக்கு. டப்ஸ்டெப் என்ற, பேஸ் வயிற்றைக் கலக்குகிற இசை வகையில் பெயர் எடுத்தவர். துளைக்கிற சத்தத்தை நீளமாக ஓட விட்டிருந்தால் அது வெறும் சத்தம். இவர்கள் அதைத் துண்டு துண்டாக நறுக்கியிருக்கிறார்கள். ஒரு துண்டு மேலே ஏறும், அடுத்தது பாதியில் கத்தரிக்கப்படும், மூன்றாவது சற்று தாழ்ந்த சுருதியில் வந்து பேஸோடு ஒட்டும். குரல் அதன் மேல் மெல்லப் பேசுவது போல நிற்கிறது, கத்தவில்லை. இவ்வளவு இரும்புக்கு நடுவில் கத்தாமல் நிற்பதுதான் அழகு. ரிக்கில் வேலை செய்து ஊர் திரும்பிய ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டார். “எல்லாஞ் சரிதாங்க. ஆனா இவிய ராடே மாத்தலையே?” என்றார். இருபது அடிக்கு ஒரு தரம் ஹேமர் நின்று ராடு மாற்றுகிற இடைவெளி அவர் உடம்பில் ஊறியது. இந்தப் பாட்டில் மூச்சு விடுகிற இடம் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகரும் சொல்லி நான் படித்ததில்லை. அது குறையா, நிறையா என்று அவரே முடிவு செய்யவில்லை. மறுபடி ஒரு தரம் போடச் சொன்னார்.

யார் இந்த அம்மணி என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. மாதங்கி அருள்பிரகாசம், வீட்டில் மாயா. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். அப்பா ஈழப் போராட்ட இயக்கத்தில் இருந்தவர். அருளர் என்பது அவரது இயக்கப் பெயர். போர் சூழ்ந்த பிள்ளைப் பிராயம். எண்பதுகளின் நடுவில் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக மறுபடி லண்டன் வந்து, தெற்கே மிட்சம் பகுதியில் அரசு குடியிருப்பில் வளர்ந்தார்கள். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் சினிமா படித்தார். இசையை எந்தக் குருவிடமும் கற்கவில்லை, ரோலண்ட் எம்.சி. 505 என்ற சிறு தாளப் பெட்டியைக் கடன் வாங்கித் தட்டிப் பழகினார். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், ‘அருளர்’, 2005. இரண்டாவதற்கு அம்மா பெயர், ‘கலா’, 2007. மூன்றாவதற்குத் தன் பெயர்.

‘கலா’வைச் சொல்லாமல் ‘மாயா’வுக்குள் போக முடியாது. அந்த ஆல்பத்துக்காக அவர் சென்னைக்கு வந்து உருமி மேளக்காரர்களை வைத்து ஒலிப்பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டு அந்த உருமியால்தான் நிற்கிறது. முதல் பாட்டான ‘பேம்பூ பேங்கா’வில் இளையராஜாவின் ‘காட்டுக்குயிலு’ மேளம் எட்டிப் பார்க்கும். ‘தளபதி’ பார்த்த எந்தச் சேலத்துக்காரரும் முதல் அடியிலேயே பிடித்துவிடுவார். உலகம் அந்த ஆல்பத்தைக் கொண்டாடியது. அடுத்து வந்ததில் உருமியைத் தள்ளிவிட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் பலருடைய மனத்தாங்கல்.

எனக்கு அப்படித் தெரியவில்லை. உருமியை அருகில் நின்று பார்த்தவர்கள் யோசித்துப் பார்க்கட்டும். வலது பக்கத் தோலில் குச்சி விழுகிறது. இடது பக்கத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். அடித்து வருகிற ஓசை ஒன்று, தேய்த்து வருகிற ஓசை ஒன்று. அந்தத் தேய்ப்பு ஒரு முனகல் மாதிரி ஏறும், அழுத்தத்தைக் கூட்டினால் சுருதி மாறும், விட்டால் அறுந்துபோகும். மற்ற மேளங்களோடு சேர்ந்து கேட்கும்போது உடம்பைச் சிலிர்க்க வைப்பது அந்தத் தேய்ப்புத்தான். ‘மாயா’வில் டிரில் செய்வது அதே வேலை. பேஸ் டிரம் வலது கை, துளைப்பான் இடது கை. காது மாறவில்லை, கருவிதான் மாறியிருக்கிறது. இது என் கட்சி. இசையறிஞர்கள் மறுக்கலாம்.

இயந்திரத்தை மேடைக்குக் கொண்டுவந்தது இவர் முதலில் இல்லை. 1913இலேயே இத்தாலிக்காரர் லூயிஜி ருஸ்ஸோலோ ஆலைச் சத்தமும் நகரச் சத்தமும் இனி இசைக்குள் வர வேண்டும் என்று அறிக்கை எழுதினார். எழுபதுகளில் இங்கிலாந்தின் ‘த்ராபிங் கிரிஸில்’ கூட்டத்தார் தங்கள் நிறுவனத்துக்கே ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த வகைக்கே அதிலிருந்துதான் பெயர். பெர்லினின் ‘ஐன்ஸ்ட்யூர்ட்செண்டே நொய்பௌட்டன்’ குழு தகரத்தையும் துளைப்பானையும் கருவியாக்கியது. பெல்ஜியத்தின் ‘ஃப்ரண்ட் 242’ அந்த இருட்டை ஆடுவதற்கு ஏற்ற அடியாக மாற்றியது. 1988இல் வந்த ‘ஃப்ரண்ட் பை ஃப்ரண்ட்’ இன்றைக்கும் அந்த வகைக்குப் பாடநூல். மறு ஆண்டு அமெரிக்காவில் ‘நைன் இன்ச் நெய்ல்ஸ்’. இந்த வரிசையில் ‘மாயா’ முழுசாக அடங்காது. அதற்குள் ரெக்கே இருக்கிறது, பாப் இருக்கிறது, கிட்டார் இருக்கிறது. ஆனால் இந்த வரிசையில் தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடினால் கையில் கிடைப்பது இதுதான்.

முதல் பாட்டு ‘தி மெசேஜ்’ ஒரு நிமிடம்கூட இல்லை. கீபோர்டு தட்டுகிற சத்தம், அதன் மேல் அவருடைய தம்பி சுகுவின் குரல். தலை எலும்பு கழுத்து எலும்போடு சேர்ந்தது என்று போகிற பழைய அமெரிக்கப் பிள்ளைப் பாட்டின் போக்கில், தலை ஹெட்போனோடும் ஹெட்போன் ஐபோனோடும் ஐபோன் இணையத்தோடும் சேர்ந்து, அங்கிருந்து கூகுள் வழியாக அரசாங்கத்தில் போய் முடிகிறது. 2010இல் இதை விளையாட்டுத்தனமான சந்தேகப் புத்தி என்று விமர்சகர்கள் எழுதினார்கள். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவுத் துறையின் கோப்புகளை வெளியே கொண்டுவந்த பிறகு ரசிகர்கள் பலர் திரும்பி வந்து இந்தப் பாட்டைக் கேட்டார்கள். ஆத்தூரில் கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகளுக்குப் போட்டேன். “இது போன வருஷம் வந்த பாட்டா மாமா?” என்றாள். அவளுக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை; எல்லாருக்கும் தெரிந்த சங்கதியை ஏன் பாட்டாகப் பாடுகிறார்கள் என்றுதான் சந்தேகம்.

எனக்கு அதில் பிடித்தது சேதி அல்ல. தட்டச்சுச் சத்தம் தாளமாக மாறுகிற அந்த நொடி. முதலில் யாரோ எதையோ அடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறோம். பிறகு அந்த விரல்கள் ஒழுங்குக்கு வருகின்றன. எப்போது வந்தன என்று சுட்டிக்காட்ட முடியாது.

அக்கா மகளின் ஒட்டுமொத்தத் தீர்ப்பு: “இதுல பாட்டு எங்க மாமா இருக்கு?” அவள் விதிவிலக்குக் கொடுத்தது இரண்டுக்கு. ஒன்று ‘எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஓ’. ஆல்பத்திலேயே வானொலிக்கு ஏற்றது; செல்போனிலும் ட்விட்டரிலும் நடக்கிற காதலில் ஒருவர் தன்னை வேறு யாராகவோ மாற்றப் பார்க்கிறார் என்ற குறை. வழவழவென்று இருக்கும். எனக்கு அதில் பெரிய மோகம் இல்லை. மற்றொன்று ‘இட் டேக்ஸ் எ மஸில்’. 1982இல் நெதர்லாந்தின் ‘ஸ்பெக்ட்ரல் டிஸ்ப்ளே’ குழு பாடியதை இவர் மறுபடி பாடியிருக்கிறார். பழைய பாட்டு குளிர்ந்த சிந்தசைசர் பாட்டு; இவர் அதை ரெக்கே ஆட்டத்தில் உட்கார வைத்துவிட்டார். ஆறு பாட்டு பெரும்பாலும் இரும்பும் புகையுமாகக் கேட்ட பிறகு ஏழாவதாக இது வருகிறது. அந்த வைப்பு முறைக்கே ஒரு சபாஷ் போடலாம். குரலில் இயந்திரப் பூச்சு லேசாக இருக்கிறது, ஆனால் பாடுகிறவர் மனசு இயந்திரத்தில் இல்லை. தனியாகக் கேட்டால் சாதாரணப் பாட்டு. வரிசையில் கேட்டால் வெயிலில் வந்தவனுக்குக் கிடைத்த நிழல்.

‘டெக்கில்லா’வைப் பற்றி நல்லது சொல்ல முயன்றேன், வரவில்லை. ஆறு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. மதுவகைப் பெயர்களை வைத்து விளையாட்டு. மூன்று நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் ஆல்பத்தைப் பற்றிய கெட்ட பேச்சில் பாதி குறைந்திருக்கும். ‘லவ்வலாட்’ 2010 மார்ச்சில் மாஸ்கோ மெட்ரோவில் குண்டை வெடித்துச் செத்த பதினேழு வயதுப் பெண்ணை மனத்தில் வைத்து எழுதியது. இசை ஒல்லியாக, பதுங்கிப் பதுங்கிப் போகிறது. அந்தப் பெண்ணுக்குள் போகிறோமா, வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறோமா என்று பாடுகிறவருக்கே முடிவில்லை என்று எனக்குப் படுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு அடி மட்டும் கேட்கலாம்.

பத்தாவது பாட்டு ‘மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்’. இதற்கு நான் தேர்ந்தெடுத்த நீதிபதி எங்கள் ஊர்ப் பக்கத்து மைக் செட்டுக்காரர். கல்யாணம், கோயில் பண்டிகை, கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்தவர். எங்கே குழாய் கட்ட வேண்டும், எங்கே பேஸ் பாக்ஸ் வைக்க வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் குடோனில் இரண்டு டாப், இரண்டு பேஸ் பாக்ஸ் வைத்துப் போட்டோம். முதல் கிட்டார் அடி விழுந்ததும் மனுஷன் பாய்ந்து மிக்சரைப் பிடித்தார். “கிளிப் ஆவுதுங்கண்ணா!” என்று லெவலைக் குறைத்தார். சத்தம் குறைந்தது, கிழிசல் அப்படியே இருந்தது. இன்னும் குறைத்தார். மெல்லிய குரலிலும் அது கிழிந்துகொண்டே பாடியது. வயரைப் பிடுங்கி மாட்டினார். வேறு பாட்டுப் போட்டுச் செட்டைச் சோதித்தார், சுத்தமாக இருந்தது. மறுபடி இதைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பாட்டே இப்படித்தானுங்களா?”

“பாட்டே அப்படித்தான்.”

“தெரிஞ்சேதான் கிழிச்சிருக்கான். அடிக்கு அடி ஒரே அளவாக் கிழியுது பாருங்க. பழுதாயிருந்தா இப்படி ஒழுங்காக் கிழியாது.”

இதுதான் நயம் பாராட்டல். அந்தக் கிட்டார் டெரிக் மில்லருடையது. ‘ஸ்லெய் பெல்ஸ்’ என்ற அமெரிக்க இரட்டையரில் ஒருவர். அவர்களுடைய ‘ட்ரீட்ஸ்’ ஆல்பமும் 2010இல்தான், மாயாவின் சொந்த நிறுவனமான ‘நீட்’ வழியாக வெளிவந்தது. மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பதிவு செய்வதை அந்த இரட்டையர் ஒரு பாணியாகவே வைத்திருந்தார்கள். ஒலியின் தலையை வெட்டினால் அலை தட்டையாகிறது. தட்டையான அலை காதில் மணல் போல விழும். மைக் செட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கத் தடுக்கப் பாடுபட்டதை இவர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேலே அந்த மணல், கீழே கைதட்டல் மாதிரி வறண்ட அடி. நடுவில் குரல் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, இருபது தரம் கேட்ட பிறகு வாக்கியம் கரைந்து அதுவும் ஓர் அடியாகிவிடுகிறது. நீதிபதி கடைசியில் சொன்ன தீர்ப்பையும் பதிவு செய்ய வேண்டும்: “நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம செட்டுல போட்டா ஜனம் என்னையத்தான் திட்டும்.”

அதற்கு முன்னால் ஒன்பதாவதாக ‘பார்ன் ஃப்ரீ’. ஆல்பத்தின் உச்சி இதுதான் என்பதில் இரு கட்சிக்காரர்களும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். இதன் எலும்பு நியூயார்க் இரட்டையர் ‘சூசைட்’ 1977இல் வெளியிட்ட ‘கோஸ்ட் ரைடர்’ பாட்டிலிருந்து எடுத்தது. கிட்டாரும் கிடையாது, டிரம்ஸ்காரரும் கிடையாது அந்த இரட்டையருக்கு. ஆலன் வேகா பாட, மார்ட்டின் ரெவ் ஒரு மலிவான தாளப் பெட்டியையும் ஆர்கனையும் வைத்து ஒரே சுழற்சியை விடாமல் வாசிப்பார். எங்கும் போகாத சுழற்சி. கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிற கை மாதிரி அல்ல, தட்டுகிறவன் போகமாட்டான் என்று தெரிந்த பின் உள்ளே இருப்பவனுக்கு வருகிற பதற்றம். மாயா தரப்பில் அதன் மேல் டிரம்ஸ் சேர்த்தார்கள். பழைய பாட்டில் இல்லாத ஓட்டம் அதில் வந்துவிட்டது. சுழற்சி நின்ற இடத்தில் நிற்கிறது, டிரம்ஸ் அதை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறது. இந்த இழுபறிதான் பாட்டு.

குரலைக் கவனியுங்கள். முன்னால் வைக்கவில்லை. எக்கோவுக்குள் தள்ளி, சற்று தூரத்தில் வைத்திருக்கிறார்கள். வார்த்தையில் பாதி விழுங்கப்படுகிறது. கேட்பவர்கள் அப்போது பெரிய குறையாகச் சொன்னது இதைத்தான். உருமி அடிக்கிற பெரியவர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது, அதனால் வார்த்தை விழுங்கப்பட்டதில் அவருக்கு நஷ்டம் இல்லை. தொடையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். “சாவுக்கு அடிக்கிற அடி இல்ல தம்பி இது. சாமி வர்ற நேரத்து அடி” என்றார். பிறகு, “அந்தப் பொண்ணு பாடல. கூட்டத்துக்கு அந்தாண்ட நின்னு யாரையோ கூப்புடுது” என்றார்.

இந்த ஆல்பம் உருவான காலத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்த வாக்கியம் சுருக்கென்று தைக்கும். 2009 பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார். அந்த வாரமே மகன் பிறந்தான். மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அந்த மாதங்களில் கேட்ட எல்லாரிடமும், கேட்காதவர்களிடமும், அங்கே நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாடகிக்கு அரசியல் எதற்கு என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கேலி பேசின. அதற்குப் பிறகு கைக்குழந்தையோடு லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் இருந்து செய்தது ‘மாயா’. ஆல்பத்தில் வன்னி என்ற சொல் எங்கும் முழங்கவில்லை. ‘பார்ன் ஃப்ரீ’ வீடியோவில்கூட நேராகச் சொல்லவில்லை. ரொமெய்ன் காவ்ராஸ் இயக்கிய ஒன்பது நிமிடக் குறும்படம் அது. ஆயுதப் படையினர் செம்பட்டை முடிக்காரர்களை மட்டும் தேடிப் பிடித்து, வண்டியில் ஏற்றி, வெட்டவெளியில் ஓட விட்டுக் கொல்கிறார்கள். 2010 ஏப்ரலில் வந்ததும் யூடியூப் அதை இறக்கியது. முடியின் நிறத்துக்காகக் கொல்வதா என்று பார்த்தவர்கள் பதறினார்கள். அந்தப் பதற்றத்தை வரவழைப்பதுதான் வீடியோவின் வேலை. எனக்கு வீடியோவைவிடப் பாட்டு பெரிது. வீடியோ சேதியைக் கையைப் பிடித்துக் காட்டுகிறது. பாட்டு அந்த எக்கோவோடு விட்டுவிடுகிறது.

ஜூலை 13ஆம் தேதி டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் இதைப் பாடியபோது ‘சூசைட்’டின் மார்ட்டின் ரெவையே மேடைக்குக் கொண்டுவந்து அந்தச் சுழற்சியை வாசிக்க வைத்தார். தன்னைப் போலவே உடை உடுத்திய பெண்கள் சுற்றி நிற்க, யார் பாடுகிறார் என்றே தெரியாத ஏற்பாடு. அட்டைப் படத்திலும் இதே வேலைதான்: யூடியூப் வீடியோவின் சிவப்புக் கம்பிகளை அடுக்கி முகத்தை மறைத்து, கண்ணை மட்டும் விட்டிருப்பார்.

‘டெல் மீ வொய்’ பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பதினொன்றாவது பாட்டு. ‘மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்’ மணலாகக் கொட்டி ஓய்ந்த மறுநொடி ஒரு கூட்டுக் குரல் எழுகிறது. அலபாமா மாநிலத்து ‘சேக்ரட் ஹார்ப்’ பாடகர்கள் பாடிய பழைய தேவாலயப் பாட்டு அது. இந்தப் பாடகர்கள் மேடை கட்டிப் பாடுவதில்லை. சதுரமாக, ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்து, தொண்டை எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவையும் கொடுத்துப் பாடுவார்கள். பயிற்சி பெற்ற குரலின் மினுக்கு கிடையாது. அதை டிப்லோ என்ற இசைத் தயாரிப்பாளர் ஒரு சிறு வட்டமாக வெட்டிச் சுற்ற விட்டு, அடியில் அணிவகுப்பு மேளம் வைத்திருக்கிறார். மேலே மாயாவின் குரல், இயந்திரத்தால் சுருதி திருத்திய குரல். திருத்தாத தொண்டைகள் கீழே, திருத்திய தொண்டை மேலே. யார் மனிதர், யார் இயந்திரம் என்று ஆல்பம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் பாடுகின்றன. பாட்டு ஏதோ வானொலியில் கேட்ட பழகிய மெட்டு போல இனிமையாகத்தான் இருக்கும். அந்த இனிமைக்கு அடியில் கரகரப்பு ஒட்டியிருப்பதைக் கவனிக்கச் சில தடவை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு ‘ஸ்பேஸ்’ மிதந்து வந்து கதவைச் சாத்துகிறது. அக்கா மகள் செல்போனில் வைத்துக்கொண்டது கடைசியில் ‘டெல் மீ வொய்’ ஒன்றைத்தான்.

ஆக, என் தீர்ப்பு. பன்னிரண்டில் ‘டெக்கில்லா’ வேண்டாம், இரண்டு சுமார், மீதி ஒன்பதும் உழைத்துச் செய்த வேலை. பிட்ச்ஃபோர்க்கின் 4.4 அநியாயம். பத்துக்கு எட்டு நான் கொடுப்பேன். ரிக்காரர் கேட்ட அந்த ராடு மாற்றுகிற இடைவெளி ‘ஸ்டெப்பின் அப்’பில் இருந்திருந்தால் எட்டரை.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் வராது, பேஸ் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது விமர்சகர்கள் சொன்ன அந்தத் தலைவலிதான். நல்ல ஹெட்போன் போதும். முதலில் ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். பிடித்திருந்தால் முதலிலிருந்து வாருங்கள். மொத்தமே நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான்.